ஷிமா பேரில் கிர்கோ வாசித்த பாட்டு

ஃப்ரான்கா அழ ஆரம்பித்தால் சர்க்கரை ஆலைச் சங்கு தோற்றுப்போகும். அந்த ஆலைக்கு ஆயுசு முழுக்கச் சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டிய கிர்கோவே சொல்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேத்தி அழுகிற அழகைப் பற்றிப் பேசவே அவர் காலையில் ரொட்டி வாங்கப் போவார். ரொட்டிக்கடைக்காரி இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், ரொட்டி ஆறிப்போகுது, வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டாள்.

மருமகன் தாரியோ ஓசியெக் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவன். பிள்ளை அழுதால் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் போன்தான். உலகத்தில் எந்த மூலையில் யார் என்ன வரைந்தாலும், வரைந்ததை நடக்கவிட்டாலும், அதற்கு என்ன பாட்டுப் போட்டாலும் அவன் போனில் வந்துவிடும். ஈரானில் ஒருத்தி கம்பளத்துப் பறவைகளைப் பறக்கவிட்டிருந்தாள். ஜப்பானில் ஒருத்தன் வெறும் மழையை மட்டும் வரைந்திருந்தான், ஆளே கிடையாது. ஃப்ரான்கா எல்லாவற்றையும் பார்த்தாள், பார்த்துக்கொண்டே அழுதாள். கிர்கோ ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பசிக்குதுடா, உன் பொம்மையை நிறுத்து என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது தாரியோ இன்னொன்றைத் தட்டினான். ஒரு வண்ணாத்தி ஆற்றங்கரையில் துணி துவைக்கிறாள். துணி தீர்ந்துபோகிறது. அவள் ஆற்றின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் காயப்போடுகிறாள். பின்னணியில் ஒற்றைத் தம்புரிட்சா. நான்கு தந்தியைத் தொட்டுத் தொட்டு, சொட்டுச் சொட்டாக.

ஃப்ரான்கா அழுகையை நிறுத்தினாள்.

கிர்கோவும் முணுமுணுப்பதை நிறுத்தினார். வாசித்தது அவர் கை. மூன்றாவது தந்திக்கு வரும்போது அவருடைய சுண்டுவிரல் எப்போதும் கொஞ்சம் தாமதிக்கும். இளவயதில் லாரிக் கதவில் நசுங்கிய விரல். அந்தத் தாமதம் அப்படியே கேட்டது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. இசை: ஷிமா.

“நம்ம ஊர்க்காரர்தானே மாமா? உங்க தம்புரிட்சாக் குழுத் தலைவர்?” என்றான் தாரியோ. “நான் ஸாக்ரெப் காலேஜ்ல படிச்சப்போ இந்தப் பாட்டை வச்சு ஒரு மாசம் பாடம் எடுத்தாங்க. நீங்க கூடவே இருந்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

கிர்கோ பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். இருபது வருஷத்துக்கும் முன்னால், பன்றி அறுக்கிற நவம்பர் மாதம். ஷிமா வீட்டு முற்றத்தில் குழு மொத்தமும் கூடியிருந்தது. கொப்பரையில் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது, ஆளுக்கு ஒரு கிளாஸ் பிளம் சாராயம் உள்ளே போயிருந்தது. மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு பெண் சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தாள். லீவி என்று பெயர், எஸ்தோனியாக்காரி, ஸாக்ரெபில் படம் வரையப் படிக்கிறாளாம். எட்டு நிமிஷப் படம் ஒன்று செய்கிறாளாம், அதற்கு ஷிமா வாசிக்க வேண்டுமாம்.

ஷிமாவின் கை இரண்டும் முழங்கை வரை கறிக்கலவையில் இருந்தது.

“பொம்மைப் படத்துக்கா? டேய் கிர்கோ, இங்க உன் கைதான் சுத்தமா இருக்கு. வேலை செய்யாம நிக்கிறியே, நீ போ.”

எல்லாரும் சிரித்தார்கள். கிர்கோ தம்புரிட்சாவை எடுத்துக்கொண்டு முற்றத்தோரத்துக் கோடைச் சமையலறைக்குள் போனார். லீவி ஊறுகாய் ஜாடிகளை ஒதுக்கிவிட்டு மேசை நிறையப் படங்களைப் பரப்பினாள். எல்லாம் ஒரே படம் போலத்தான் இருந்தது. ஒரே வண்ணாத்தி, ஒரே கை, ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை வித்தியாசம். ஒரே படத்தை எத்தனை தடவைம்மா வரைவே, வேற வேலை இல்லையா என்று கிர்கோ கேட்டார். அவள் கோபப்படவில்லை. ஈரத்துணி பிழிகிற மாதிரி வாசியுங்கள் என்றாள். அப்படி ஒரு பாட்டு யாருக்குத் தெரியும்? அவர் அந்த இடத்திலேயே விரல் போன போக்கில் ஒன்றை உண்டாக்கினார். அவள் பதிவுக்கருவியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். மடியில் இருந்த கணினியைத் திருப்பி, கொஞ்சம்தான் தயாராகியிருக்கிறது, ஒரு நிமிஷம் பாருங்கள் என்றாள். வெளியே குடலில் கறி அடைக்க ஆள் கூப்பிட்டார்கள். வேலை இருக்கும்மா என்று அவர் எழுந்துவிட்டார்.

வாசலில் வைத்து, படத்தில் போடப் பெயர் கேட்டாள்.

“ஷிமான்னு எழுதிக்க,” என்றார் கிர்கோ.

அவர்களுடைய குழுவில் அது பழக்கம். யார் எங்கே வாசித்தாலும் ஷிமா வாசித்ததாகத்தான் பேர். கல்யாண வீட்டில் ஐந்து பேர் போய் இறங்கினாலும் ஷிமா வந்துட்டான் என்பார்கள். காய்ச்சலில் ஷிமா படுத்த நாளிலும் ஷிமாதான் வாசித்தான். யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை.

படம் முதன்முதலில் ஸாக்ரெபில் காட்டப்பட்டபோது லீவி ஷிமா வீட்டுக்குப் போன் செய்து, வாசித்தவர் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஷிமா வந்து கிர்கோவிடம் சொன்னார். கிழங்கு லாரி ஓடுகிற நேரம், பொம்மை பார்க்க யார் போவா, நீயே போய்ட்டு வா என்றார் கிர்கோ. ஷிமா போனார். மேடையில் பேர் கூப்பிட்டார்கள், எழுந்து நின்றார். லீவி அவரைப் பார்த்துத் திகைத்துப்போயிருக்கிறாள். எங்கள் குழுவில் எல்லாக் கையும் என் கைதான் என்று ஷிமா அவளுக்கு விளக்கியிருக்கிறார். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

திரும்பி வந்தவர் நேராக லாரிக் கொட்டகைக்கு வந்தார். முகம் சரியாக இல்லை.

“கிர்கோ, எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுறாங்கடா. எனக்கு உடம்பே கூசிப்போச்சு. இது நான் இல்லைன்னு சொல்லிடறேன்.”

“சொல்லி? பொம்மைக்கு வாசிச்சவன்னு கல்யாண வீட்டுல என்னை ஓட்டறதுக்கா? நீயே வச்சுக்க.”

ஷிமா ரொம்ப நேரம் டயரில் உட்கார்ந்திருந்தார். இருட்டியதும் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அதற்கப்புறம் அவரைப் போர்ச்சுக்கலுக்குக் கூப்பிட்டார்கள், பிரான்சுக்குக் கூப்பிட்டார்கள், ஒரு தடவை ஜப்பானுக்கே கூப்பிட்டார்கள். போகிற இடத்தில் அந்தப் பாட்டை மட்டும் வாசிக்கவே மாட்டார், கல்யாணப் பாட்டாக எடுத்துவிடுவார். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கிர்கோவுக்கு ஒரு பை கொண்டுவருவார். பாட்டுத்தட்டு, படப்புத்தகம். இதைக் கேளுடா, மாலி நாட்டுக்காரன், நம்ம மாதிரிதான் தந்தியைக் கிள்ளுறான் என்பார். சரி சரி என்று வாங்கி கிர்கோ பரணில் போடுவார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஷிமா மூச்சுத்திணறி இறந்துபோனார். சவப்பெட்டிக்கு முன்னால் குழு வாசித்தது. கிர்கோவும் வாசித்தார்.

பேத்தி அழுகையை நிறுத்திய மறுநாள் கிர்கோ பரணில் ஏறினார். வீட்டில் தட்டுப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை, தாரியோவின் பழைய காரில்தான் இருந்தது. முற்றத்தில் நிற்கிற காரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்வார். மாலிக்காரனைக் கேட்டார்கள். அழுகிற மாதிரி பாடுகிற போர்ச்சுக்கல்காரியைக் கேட்டார்கள். எஸ்தோனியாவில் ஒரு ஊரே கூடி நின்று பாடியதைக் கேட்டார்கள். புத்தகங்களை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். யானைக்குள்ளே ஒரு தெரு, தெருவுக்குள்ளே சின்ன யானை. ஃப்ரான்கா ஓரத்தை நக்கினாள். அவர் மனைவி மாந்தா ஜன்னலைத் தட்டி, எங்கய்யா கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும், சாப்பாட்டுக்காவது வருவீங்களா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

மாலிக்காரன் ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறான். அந்தச் சும்மா இருப்பதில்தான் பாட்டே இருக்கிறது. அதைக் கேட்டதும் கிர்கோவுக்கு ஷிமாவிடம் ஓட வேண்டும் போல இருந்தது. கேட்டேன்டா, அந்த இடத்தைக் கேட்டேன்டா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பையையும் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் ஷிமா அவர் முகத்தைப் பார்ப்பாரே, அது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. அவ்வளவு வருஷமும் அந்த மனுஷன் இந்தப் பேச்சுக்கு ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு மத்தியானம் மாந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

“இத்தனை வருஷம் வாயில என்ன வச்சிருந்தே? போய்க் கேளு. பேத்தி பெரியவளாகி அந்தப் படத்தைப் பார்க்கறப்போ தாத்தன் பேரு இருக்க வேண்டாமா?”

அந்த ஆசை ஏற்கெனவே அவருக்குள் முளைவிட்டிருந்தது. அவள் சொன்னதும் வளர்ந்துவிட்டது. அந்தக் கோடையில் ஓசியெக்கில் நடந்த படவிழாவுக்கு லீவி வருவதாகத் தாரியோ சொன்னான். கிர்கோ கல்யாணங்களுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

படக்கொட்டகையின் முன்கூடத்தில் லீவியின் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். அன்று ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே பார்த்த அதே வண்ணாத்தி. கிர்கோ முதல் படத்திலிருந்து மெதுவாக நடந்தார். நடக்க நடக்க அவள் கை அசைந்தது. இதற்குத்தான் அத்தனை தடவை வரைந்தாளா! பத்தடி தள்ளி அவர் நின்றுவிட்டார். ஆற்றைப் பிழிகிற அந்தக் கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. தன் கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நீங்கதான்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. லீவிக்குத் தலை நரைத்திருந்தது. அந்த ஊர்ப் பேச்சை உடைத்து உடைத்துப் பேசினாள். “அன்னைக்கு ஸாக்ரெப்ல உங்களுக்கு என் பக்கத்துல இடம் போட்டிருந்தேன். ஏன் வரல?”

கிர்கோ தூக்கிய கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவர் கேட்கும் முன்னாலேயே, படத்தில் பேரை மாற்றுவது இப்போது பெரிய வேலை இல்லை, ஊருக்குப் போய் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவேன் என்றாள். இன்று மேடையிலேயே சொல்லவும் தயார், நீங்கள் தலையசைத்தால் போதும்.

மாந்தா அவர் முதுகில் விரலால் குத்தினாள்.

கூடத்தின் மறுபக்கம் ஷிமாவின் மகன் பாவோ நின்றிருந்தான். மீன் குழம்புக்குப் பேர்போன சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவன், அப்பாவின் நினைவுக்காக விழாவில் மரியாதை செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். புதுச்சட்டைக் கழுத்து அவனை இறுக்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் போட்டோவை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தான். கிர்கோவைப் பார்த்ததும் போட்டோவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

ஷிமாவாக இருந்தால் கேட்டிருக்கலாம். ஒரு கிளாஸ் ஊற்றி, டேய், அதைத் திருப்பிக் கொடுடா என்றால் ஷிமா கட்டிப்பிடித்துக்கொண்டு கொடுத்திருப்பார். அவர் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றது யார்?

“இருக்கட்டும்மா,” என்றார் கிர்கோ. “அப்படியே இருக்கட்டும். அன்னைக்கு நீ ஒரு நிமிஷம் பாருங்கன்னு சொன்னே. அதை இன்னைக்குப் பார்க்கறேன்.”

லீவி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மாந்தா அடுத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மகள் மடியில் ஃப்ரான்கா தூங்கிப்போயிருந்தாள்.

விளக்கு அணைந்தது. போனில் உள்ளங்கை அளவு இருந்த ஆறு சுவர் அளவு எழுந்து நின்றது. வண்ணாத்தி அதை முறுக்கினாள். ஒவ்வொரு சொட்டுக்கும் கிர்கோவின் விரல் கால்சட்டை மேல் தானாக அசைந்தது. என்னென்ன பார்க்காமல் போயிற்று என்று கணக்குப் பார்க்கவும் அவருக்குப் பயமாக இருந்தது.

இசை: ஷிமா என்று வந்தது. கொட்டகை முழுக்க எழுந்தது. பாவோ மேடையில் போட்டோவை உயர்த்திப் பிடித்தபடி அழுதான். மாந்தா எழவில்லை, கையை அக்குளில் சொருகிக்கொண்டு எதிர்ச்சுவரை முறைத்தாள். கிர்கோ எழுந்து, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார்.