ஏழு பெண்களின் தண்ணீர்

தம்பியின் துணிப் பெட்டியோடு அந்த ஓவியமும் வந்தது. ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குள் ஒரு சுரங்கத்தில் அவனுக்கு மெஷின் பழுதுபார்க்கும் வேலை. வண்டி நடுவழியில் நின்றுபோய், தாகத்தில் செத்துப்போனான். காரியம் முடிந்த மறுநாள், கூட வேலை பார்த்த அரியமங்கலத்து நண்பர் அவன் சாமான்களை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

துணியில் வரைந்த படம். செம்மண் நிறத்தில் ஆயிரக்கணக்கில் புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டம். அத்தை பார்த்துவிட்டு, நம்ம புள்ளிக் கோலம் மாதிரியே இருக்கிறது என்று புள்ளிகளை எண்ண உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா நெடுக்கே பிடித்தார், குறுக்கே பிடித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இழவு வீட்டில் என்ன கண்காட்சி என்று பிடுங்கிக்கொண்டேன்.

நண்பர்தான் விளக்கினார். வரைந்தவர் அந்த மண்ணின் பழங்குடிப் பெண். தம்பியும் இவரும் வாங்கப் போனபோது உட்காரவைத்துக் கதை சொல்லியிருக்கிறார். துரத்தும் ஒருவனுக்குத் தப்பி ஓடிய ஏழு அக்கா தங்கைகள் கடைசியில் வானத்தில் ஏறிவிட்டார்கள். நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டம் அவர்கள்தானாம். ஓடும் வழியில் அவர்கள் தங்கிய இடமெல்லாம் தண்ணீர். படத்தில் ஒவ்வொரு வட்டமும் தண்ணீர் கிடைக்கும் ஓர் இடம். வெளியாளுக்குச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லி, மீதியை அந்தப் பெண் சொல்லவில்லை. ஒரு வட்டத்தைத் தொட்டு, இங்கே காய்ந்த ஆறு வளையும், வெள்ளைப் பட்டை மரங்கள் நிற்கும், அதனடியில்தான் ஒருத்தி மணலைத் தோண்டிக் குடித்தாள் என்றாராம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

கிளம்பும்போது நண்பர் வாசலில் என்னிடம் மட்டும் மிச்சத்தைச் சொன்னார். தம்பியின் வண்டி நின்றது அதே ஆற்றில், அந்த வளைவுக்குக் கொஞ்சம் கீழே. தேடப் போன அந்த ஊர்ப் பழங்குடி ஆட்கள் முதலில் அந்த மரங்களுக்குத்தான் போனார்களாம், உயிரோடிருந்தால் அங்கேதான் இருப்பான் என்று. அவன் வண்டிக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டியிருந்தான். முழங்கை ஆழத்தில் பாறை. விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்ததாம்.

"நாங்க கதையாத்தான் கேட்டோம்க்கா. வழி சொல்றாங்கன்னு தெரியல," என்று தேம்பினார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஜீயபுரம். கோடையில் காவிரி வற்றினால் மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பியவள். மணல் இருந்தால் அடியில் தண்ணீர் இருக்கும் என்று எங்களிடம் ஓயாமல் சொல்வாள். அவன் அதை நம்பித்தான் தோண்டியிருக்கிறான், கடைசித் தெம்பையும் அதில் விட்டிருக்கிறான். அம்மாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, மதியச் சோற்றைத் தொடாமல் ஓவியத்தை மடியில் விரித்துக்கொண்டு அவளே கேட்டாள்.

"தோண்டிப் பாத்தானா?"

இல்லை என்றால், பெற்றவள் சொன்னதை மறந்துவிட்டுச் செத்தான் என்று ஆகும். ஆமாம் என்றால், அவள் பேச்சே அவனைக் கொன்றதாக ஆகும். படுபாவி, இப்படி ஒரு கேள்வியில் என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டானே என்று அவன்மேல்தான் கோபம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. தோண்டினான் என்றேன்.

எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். முழங்கை ஆழம் என்றேன். பாறையைச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா ஒரு வட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"சின்னதுலேர்ந்தே பொறுமை கெடையாது அவனுக்கு," என்றாள். "இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தா வந்திருக்கும்."