லைனைப் பிடிக்காதே

தமிழில் ‘பிடி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். ரயிலைப் பிடிப்போம், குடை பிடிப்போம், சளி பிடிக்கும், ஒருவரை நமக்குப் பிடித்தும் போகும். இங்கிலீஷ்காரனுக்கோ இடத்துக்கு ஒரு வினை வேண்டும். அவனுடைய இந்த வீண் ஆடம்பரத்தால் அறுபதுகளில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கல்யாணமாகிப் பம்பாயில் தாராவிக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனிக்கு டெலிபோன் ஆபரேட்டர் தேவை என்று தெரியவந்தது. அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். பகலெல்லாம் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. “இது கெடைக்கலன்னா நான் ஊருக்கே போயிருதேன்” என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். தோல் கிடங்கில் கிளார்க்காக இருந்தவர், அங்கே போனில் பேசிப் பழகிய இங்கிலீஷைச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார்.

“கொஞ்ச நேரம் லைன்ல இருங்கன்னு எப்படிச் சொல்லுவ?”

“ப்ளீஸ் கேட்ச் தி லைன்.”

“ஏட்டி, அவன் என்ன மீனா புடிக்கான்? ஹோல்டு தி லைன்.”

“ரயிலுக்குக் கேட்ச்சுன்னுதான சொன்னிய?”

“ரயிலு ஓடும்லா. ஓடுறதுக்குத்தான் கேட்ச்.”

“அப்ப சளிக்கு?”

“மூக்கு ஓடும்லா.”

இந்த விளக்கம் எந்த இலக்கணத்திலும் இருக்காது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்டர்வியூவில் மேனேஜர் ஒரு பார்சிப் பெரியவர். ஹோல்டு சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ஹோல்டு என்றே சொன்னேன். எழுந்து கிளம்பும்போது, பம்பாய் பிடித்திருக்கிறதா என்று இங்கிலீஷில் சும்மா கேட்டுவைத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் நான் அசந்திருந்தேன்.

“எஸ் சார், பாம்பே கேட்ச் மீ.”

கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். சிரித்து முடித்து, திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார்.

சாயங்காலம் கணவர் வந்ததும், நான் உளறியதைத்தான் முதலில் சொன்னேன். நன்றாகக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“புடிச்சிருக்குன்னா சொல்ல வந்த?”

“ஆமா. பின்ன என்ன சொல்லுவாவ?”

“எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வேலை கிடைத்ததா என்று அவர் அதற்குப் பிறகுதான் கேட்டார்.