தருமபுரியில் பிறந்த பூமி

பூமி தருமபுரி பஸ் ஸ்டாண்டில்தான் பிறந்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எண்பதுகளில் சேலத்துக் கல்லூரியில் ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தவர். எனக்கு அப்போது ஏழு வயது.

அன்று காலை தருமபுரி ஆஸ்பத்திரியில் என் ஐந்து மாதத் தங்கை காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அது எனக்கு மட்டும் தெரியாது. பிணத்தைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். வாடகைக்கு வண்டி வைக்க வழியில்லை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் மாதாகோயில் கல்லறையில்தான் அடக்கம் செய்யவேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அதனால் பாப்பா, தூங்குகிற குழந்தையாகத் துண்டுக்குள் சுற்றப்பட்டு அம்மாவின் மடியில் பஸ் ஏறினாள். இந்த ஏற்பாட்டில் ஆபத்தான ஆள் நான்தான். என் வாய் சும்மா இருக்காது. அதை அடைத்துவைக்க மாமாவிடம் இருந்தது அவருடைய படிப்பு ஒன்றுதான்.

"நம்ம பஸ்ஸு போற தூரந்தான் பூமியோட வயசுன்னு வெச்சுக்க. இப்பத்தான் பூமி பொறந்திருக்குது கண்ணு. ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் வரும், பாத்துக்கிட்டே வா."

பாலக்கோடு வந்தும் எதுவும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத பாசிதான் இருக்கிறது என்றார். மீனும் மரமும் ராட்சதப் பல்லியும் கடைசிக் கொஞ்ச தூரத்தில்தானாம். அதுவரை பூமி என்னதான் பண்ணியது என்று கேட்டேன். காத்துக்கொண்டிருந்தது என்றார்.

எனக்குச் சலித்துவிட்டது. துண்டுக்குள் கையை விட்டுப் பாப்பாவின் காலைப் பிடித்தேன்.

"மாமா, பாப்பா காலு ஜில்லுனு இருக்குது."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் உதட்டில் ஓடிக்கொண்டிருந்த ஜெபம் நின்றுபோனது.

"பூமியும் இப்ப ஜில்லுனுதான் இருக்குது," என்றார் மாமா, என்னைவிடச் சத்தமாக. "எங்க பாத்தாலும் பனிக்கட்டி. இது உருகுனாத்தான் மீனு வரும்."

பிறகு மூச்சுவிடாமல் சொன்னார். பழைய உயிர்களின் காலம், நடு உயிர்களின் காலம், புது உயிர்களின் காலம். பல்லிகள் செத்த இடத்தில் அவர் குரல் கம்மியது. பல்லி மாதிரி பேசிக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

கண்டக்டர் எங்கள் சீட்டருகே வந்து துண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கம்மா எறங்கணும்?" என்றார். அம்மா துண்டை இன்னும் இழுத்து மூடினாள். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் கோயில் பாதையில் இறங்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. ஆனாலும் விசில் கொடுத்து நிறுத்தி, "பாத்து எறங்குங்கம்மா," என்று மட்டும் சொன்னார். கேட்டதும் நிறுத்திவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பஸ் போனதும், அடுத்து என்ன வரும் என்று மாமாவைக் கேட்டேன். அவர் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதார். அம்மா நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

பாவம், பாடம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் பின்னால் ஓடி முந்தானையைப் பிடித்தேன்.

"பாப்பா எந்திரிச்சதும் நானே அவளுக்கு மொதல்லருந்து சொல்லித்தர்றேம்மா."

அம்மா சரி என்று தலையாட்டினாள். மறந்துவிடக் கூடாதே என்று மூன்று காலங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வீடுவரை நடந்தேன்.