மைத்துனர் கேட்ட அம்பாசிடர்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையை நெடுங்காலம் நடத்தியவன் நான். ஊரார் வண்டிகளையெல்லாம் அழகுபடுத்தி அனுப்பிய கை, தனக்கென்று அழகுபடுத்திக்கொண்டது ஒரே ஒரு வண்டியைத்தான். அது ஒரு பழைய அம்பாசிடர் கார்.

வெளிப்பார்வைக்கு அது எல்லா அம்பாசிடர்களையும் போன்றதே. உருண்ட முகமும் பால் நிறமுமாக நிற்கும். பானெட்டைத் திறந்தால்தான் அதன் பெருமை விளங்கும். அதனுடன் பிறந்த பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, உடைப்புக்கு வந்த ஜப்பான் வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை நான் அதில் ஏற்றியிருந்தேன். எஞ்சினின் நீளத்துக்கு இடம் போதவில்லை. ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளினேன்; தாங்குபட்டைகளைப் புதிதாக வெல்டிங் செய்தேன்; ஸ்டீயரிங்கின் பக்கத்தில் இருந்த கியரைத் தரைக்குக் கொண்டுவந்தேன். இவற்றை எனக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை. ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றத்தை முறைப்படி ஏற்றினேன். கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நிறைய ஆட்களோடு அது முணுமுணுக்காமல் ஏறும். சேந்தமங்கலம் சாலையின் தேநீர்க் கடைக்காரர்கள், நான் வருவதை அதன் குரலைக் கொண்டே அறிவார்கள்.

பின்னர் என் இடது முழங்கால் தேய்ந்தது. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர் வந்தது. வண்டி கொட்டகைக்குள் நின்றது.

"ஊட்டுல சும்மா நின்னா துருத்தானுங்க புடிக்கும்" என்றாள் என் மனைவி. "வித்துப்போடுங்க. தம்பிதான் கேட்டுக்கிட்டே இருக்கறானில்ல?"

தம்பி என்று அவள் குறிப்பிட்டது தன் உடன்பிறந்தவரை, அதாவது என் மைத்துனரை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் முதலாளி அவர். அவர் துளைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் வந்தது. கல்யாண மண்டபத்தில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி வரும். எனக்கு அவருடைய அக்காள் கணவன் என்ற முறையில் அதற்கு அடுத்த நாற்காலி வரும். அவர் வீட்டு வாசலில் புத்தம் புதிய கார்கள் வரிசையாக நின்றன. அத்தனையும் இருக்கும் ஒருவருக்கு, என்னிடம் இருந்த ஒன்றும் வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஏதோ புகைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் சாவியைக் கொடுத்திருப்பேன். நான் வைத்த எஞ்சினை அவர் முடுக்கி, அந்தக் குரலைத் தம்முடையதாக ஆக்கிக்கொள்வார் என்ற எண்ணத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மறுக்கக் காரணம் இல்லாததால் தெய்வத்தை இழுத்தேன்.

"சாமிகிட்டப் பூக் கேக்காம வண்டியக் கை மாத்த முடியாதுங்க, மாப்ள" என்றேன்.

"அதுக்கென்னுங்க மச்சான், கேட்டுப்போட்டா ஆச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் வெற்றி பெறுபவரின் நிம்மதி இருந்தது.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்பது எளிய வழக்கம். பூசாரி வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை மற்றொரு தாளிலும் மடித்து, அடையாளம் தெரியாதபடி குலுக்கிச் சாமியின் முன் போடுவார். கேட்பவர் தம் கேள்வியைப் பூசாரியிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மறுப்பு.

குலதெய்வக் கோவிலில் நாங்கள் மூவரும் நின்றோம். "என்ன கேக்கோணும், சொல்லுங்க சாமி" என்றார் பூசாரி. மைத்துனர் என் தோளருகே நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி என் கேள்வியை எப்படிச் சொல்வது? "மனசுல நெனச்சுக்கறேனுங்க" என்றேன். பூசாரி தலையை ஆட்டினார். கண்ணை மூடி, 'என் கையால் வைத்த எஞ்சினை இவர் ஓட்டக்கூடாது. இதற்கு நீ சம்மதிக்கிறாயா?' என்று கேட்டேன். குனிய முழங்கால் ஒத்துழைக்காததால் என் மனைவியைப் பொட்டலம் எடுக்கச் சொன்னேன்.

வெள்ளை வந்தது.

நான் கண்ணீர் மல்கக் கைகூப்பினேன். என் பக்கத்தில் என் மனைவியும் கைகூப்பி, "பாத்தீங்களா, சாமியே குடுக்கச் சொல்லிருச்சு!" என்றாள்.

"எங்க சொல்லுச்சு?"

"வண்டியத் தம்பிக்கு விக்கலாமான்னு கேட்டன். வெள்ளை வந்துருச்சில்லீங்க."

"கேட்டது நானு. நீ எடுத்துத்தான குடுத்த?"

"எடுத்தவ நெனச்சது சாமிக்குக் கேக்காதாக்கும்? நீங்க அப்படி என்னத்தத்தான் கேட்டீங்க?"

மைத்துனர் நின்ற இடத்தில் அதற்கு நான் எவ்வாறு விடை சொல்வது? அப்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். சும்மா நிக்கறமேன்னு நானும் ஒண்ணு கேட்டுப்போட்டேன். இந்த டீசல் எஞ்சினைக் கழட்டிப்போட்டு, உங்க பட்டறை மூலையில கெடக்குதில்லீங்க, அந்த ஒரிஜினல் எஞ்சின், அதையே வெச்சுக்கலாமான்னு. இப்பெல்லாம் பழைய வண்டின்னா ஒரிஜினலா இருந்தாத்தானுங்க மதிப்பு."

பூசாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் வேறு வழியின்றி என் கேள்வியைச் சொல்லிவிட்டேன். "மூணும் ஒண்ணையொண்ணு இடிக்கலீங்களே" என்றார் பூசாரி. "வண்டி அவருக்கு. எஞ்சின் உங்களுக்கு. சாமி கணக்குச் சரியாத்தான் இருக்குது."

தெய்வம் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டது. ஆயினும் அன்று நான் பட்ட வேதனை அதற்கு முன் பட்டதில்லை. அவர் என் எஞ்சினைப் பறித்துக்கொள்வார் என்று அதுவரை வெந்தேன். அவருக்கு அது வேண்டவே வேண்டாம் என்று அறிந்தபோது அதைவிட அதிகமாக வெந்தேன். பொறாமைப்படுவதற்கும் எதிரே இருப்பவர் நம் பொருளை மதிக்கவேண்டும் போலும்.

வண்டி போயிற்று. என் பட்டறையிலேயே, என் கண் முன்னாலேயே, பழைய எஞ்சின் அதன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. கியரும் ஸ்டீயரிங்கின் பக்கத்துக்கே திரும்பிற்று. என் டீசல் எஞ்சினை மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, டீசல் டப்பாவையும் தண்ணீர்க் குழாயையும் இணைத்து, வெள்ளிக்கிழமைகளில் முடுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராசிபுரத்தில் ஒரு திருமணத்துக்கு மணமக்கள் அந்த அம்பாசிடரில் வந்து இறங்கினார்கள். மல்லிகைச் சரம் சுற்றிய பானெட்டின் மீது கைவைத்து இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். "ஒரிஜினல்னா ஒரிஜினல்தானுங்க, சத்தமே இல்ல பாருங்க" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அன்று விருந்தில் எனக்குப் பாயசம் கசந்தது.

சென்ற ஆடியில் கொல்லிமலைக்குப் போனோம். மைத்துனர் ஓட்ட, அவர் அருகில் நான். பின்னால் என் மனைவியும் அவர் மனைவியும். அடிவாரத்தைத் தாண்டியதுமே வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. வளைவு ஒன்றில் முதல் கியருக்கும் இணங்காமல் நின்றே விட்டது. பானெட்டின் இடுக்குகளில் ஆவி எழுந்தது. நான் கதவைத் திறந்து, மதகின் மேல் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டேன். நெடுநாள் கழித்து அந்தக் காலில் வலி தெரியவில்லை.

மைத்துனர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"மச்சான், அந்த டீசல் எஞ்சின் இன்னும் பட்டறையிலதானுங்க இருக்குது?"

"ஆமாங்க."

"போன வெள்ளிக்கெழம அந்தப் பக்கம் வந்தப்ப சத்தம் கேட்டனுங்க. ரோட்டுலயே வண்டிய நிறுத்திக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அதைத் திருப்பி இதுலயே ஏத்திக் குடுத்தீங்கன்னா…"

அவர் கண்களைப் பார்த்தேன். எனக்கு நன்கு பழக்கமான ஒரு புகை அங்கே இருந்தது. அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அவரை எனக்குப் பிடித்தது.

"பூக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க, மாப்ள" என்றேன்.

காருக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "இந்தத் தடவ வாய உட்டுக் கேளுங்க!"

நான் இன்னும் கோவிலுக்குப் போகவில்லை.