வைரவர் பற்றையில் குடிவந்த புலி

பளைப் பக்கத்தில் ஏரம்புவைத் தெரியாத புகையிலைக்காரன் இல்லை. தோட்ட மண்ணுக்குள் பசளையாகத் தாழ்க்கிற பச்சைக் குழையெல்லாம் அவன் கத்தி வெட்டியதுதான். இருபது வருடமாக வெட்டினான். ஊருக்குக் கிழக்கே இருந்த காடு மொட்டையடித்த தலைபோல் ஆகிவிட்டது. மிஞ்சியது வைரவர் கோயிலைச் சுற்றியிருந்த புதர்ப்பற்றை மட்டும். அதில் கத்தி வைக்க அவன் துணியவில்லை. பக்தி என்றது ஊர். பயம் என்றாள் பெண்சாதி குணலட்சுமி. கட்டிக்கொண்டவளுக்குத்தானே தெரியும்.

குணலட்சுமி காய்ச்சலில் கிடந்தபோது, அவள் எழும்பினால் வேள்வியில் வெட்டக் கிடாய் தருவதாக வைரவருக்கு நேர்ந்திருந்தான். அப்படிச் சொல்லி வளர்த்த கிடாயை மாற்ற முடியாது. அது போனால் நேர்த்தியும் போச்சு. பெண்சாதிக்கு ஒருநாளும் ஒரு வாய் ஊட்டாதவன், கிடாய்க்குக் கையால் கஞ்சி பருக்கினான்.

வேள்விக்கு ஒரு மாதம் இருக்கையில், கோயிலடி நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு, கோடையிலும் வற்றாத கோயில் துரவின் கரைச் சேற்றில் புலியின் காலடி தெரிந்தது. ஏரம்பு பூசாரி வீட்டுக்கு ஓடினான்.

"வைரவற்றை வாகனத்தையே புலி தின்னுதெண்டால் ஏதோ குற்றம் இருக்கு, பொன்னம்பலண்ணை," என்றான் பூசாரியிடம்.

"இருக்கும், இருக்கும். வடைமாலையைக் கூட்டிப் பாரன்," என்றார் பூசாரி. சும்மா வருகிற வடை யாருக்குக் கசக்கும்?

வெள்ளிக்கு வெள்ளி இருபத்தொரு வடை சாத்தியவன், நாள்தோறும் ஐம்பத்தொன்று சாத்தினான். பூசாரி பத்தை எடுத்துக்கொண்டு மற்றதை நாய்களுக்கென்று கல்லில் வைத்தார். மணம் பிடித்து அயலூர் நாய்களும் வந்தன. புலி அசையவேயில்லை. ஒருநாள் காலை பார்த்தால், கிடாய்க் கொட்டிலின் ஓலையில் நகம் கீறிய தடம். அன்றே கிடாய் அடுப்படிக்குக் குடிவந்தது.

"இஞ்சாருங்கோ, உந்தக் கிடாயை என்னத்துக்கு இஞ்சை கட்டினனீங்கள்?"

"புலி கொண்டு போயிடுமடி. இன்னும் பத்து நாள்தானே."

"பத்து நாளும் உது புழுக்கை போட, நான் பக்கத்திலை இருந்து சோறு வடிக்கிறதோ?"

உழுந்து அரைத்து அரைத்து அவள் கை வீங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிடாய் வடைமாவுச் சட்டிக்குள் வாயை வைத்தது. வந்ததே கோபம்!

"புலிக்கு என்ன வேணும்? ஒளிக்கப் பற்றை, குடிக்கத் தண்ணி, தின்ன இறைச்சி. கிழக்குக் காட்டை வண்டியிலை ஏத்தி வித்தது நீங்கள். மிஞ்சின பற்றையும் தண்ணியும் வைரவரிட்டை. நாயளை வடை போட்டுக் கூப்பிடுறதும் நீங்கள். பிறகு அது ஏன் போகுது? நானெண்டாலும் போகமாட்டன்!"

"வடையை நிப்பாட்டினால் வைரவர் கோவிப்பாரடி."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது? படையுங்கோ. படைச்சதை நாய்க்கு விடாமல் நீங்களே தின்னுங்கோ."

தின்றான். ஒரு துணுக்கும் கீழே விழாமல் தின்றான். பூசாரி மூன்றாம் நாள் பல்லுக்குத்து என்று கழன்றுகொண்டார். ஐந்தாம் நாளிலிருந்து ஏரம்பு செம்பும் கையுமாகப் பனங்காணிக்கு ஓடினான். நாய்கள் வெறுங்கல்லை நக்கிப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊர்களுக்குப் போயின. எட்டாம் நாள், புலியின் அடி ஊரை விட்டுச் சுண்டிக்குளப் பக்கம் போகிறதென்று வண்டிக்காரர் சொன்னார்கள்.

வேள்வியன்று கிடாயைக் குளிப்பாட்டி மாலை போட்டபோது ஏரம்புவின் கண் கலங்கியது.

"புலியிட்டையிருந்து காப்பாத்தி, இப்ப கத்திக்குக் குடுக்கிறனடி."

"புலி திண்டிருந்தால் எங்களுக்கு எலும்பும் வந்திராது. அழுதது காணும், கயித்தைப் பிடியுங்கோ. பெரிய சட்டி கழுவி வைச்சிட்டன்."

மத்தியானம் அந்த அயலே இறைச்சிக்கறியில் கை நனைத்தது. வடை தின்ற வயிறு இன்னும் மாறாததால், ஏரம்புவுக்கு மட்டும் கறி இல்லை. கிடாய்க்குக் காய்ச்சிய கஞ்சியில் மிச்சம் இருந்தது. குணலட்சுமி அதை உப்புப் போட்டுக் கொடுத்தாள்.