எங்கள் வீட்டு மெசின் கன்

என் மனுஷன் மெசின் கன் வாங்கிய காலத்தில் என் தம்பி எங்கள் வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில் இருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்று உங்களுக்கு விளங்காது.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. நாங்கள் ரெய்னர்ஸ் லேனில் இருந்தோம். தம்பி எத்தனையோ நாடு சுற்றி லண்டன் வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டு, அவர்களுடைய முகாமில் கிடந்து, எப்படியோ வெளியே வந்தவன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டால், "அதை விடுங்கோ அக்கா" என்பான். பிறகு அறைக்குள் போய்க் கர்ட்டனை இழுத்து மூடிக்கொண்டு இருப்பான். சாப்பாட்டுக்கு நாலு தரம் கூப்பிட வேண்டும்.

அகதிக் கேசுக்காகச் சொலிசிட்டரிடம் போனாலும் இதே கதைதான். மொழிபெயர்க்க வந்த அம்மா எவ்வளவோ தன்மையாகக் கேட்பார். "பிடிச்சவங்கள். அடிச்சவங்கள். விட்டவங்கள்." அதோடு தம்பியின் வாய் பூட்டிவிடும். ஒருநாள் சொலிசிட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படித்தான் வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், இவனுக்கு என்ன நடந்தது என்பது இவன் வாயாலேயே வராவிட்டால் கேஸ் நிற்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது தம்பி ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அவனைப் பிடித்து உலுப்ப வேண்டும்போலவும் இருந்தது, மடியில் படுக்க வைக்க வேண்டும்போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மனுஷனுக்குச் சண்டைக்குப் போக ஆசை வந்தது.

இவர் எழுபதுகளின் முடிவிலேயே கணக்கியல் படிக்க இங்கே வந்தவர். நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்த காலத்தில் இவர் ஹரோவில் சோதனை எழுதிக்கொண்டிருந்தார். குளியலறையில் சிலந்தியைக் கண்டால் அடிக்க மனம் வராமல், ஒரு தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துத் தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிற ஆள். இவருடைய அலுவலகத்து வெள்ளைக்காரர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ட் பக்கத்துக் காடொன்றுக்குப் போய், ஆமி உடுப்புப் போட்டு, விளையாட்டுத் துவக்குகளால் சின்னப் பிளாஸ்டிக் மணிகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு விளையாடுவார்களாம். எயர்சொஃப்ட் என்று பெயர். ஆள் குறைகிறது என்று ஒருநாள் இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்தார். எங்கள் கலியாணப் படங்களில்கூட அப்படி ஒரு சிரிப்பு இவர் முகத்தில் இல்லை.

அதற்குப் பிறகு சொந்தமாக ஒன்று வேண்டுமாம். வாங்குவதுதான் வாங்குகிறார், சின்னதாக ஒன்றை வாங்கக்கூடாதா? ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு கடையில், ஜப்பானில் செய்த மெசின் கன் ஒன்றைப் பார்த்துப் பிடித்திருக்கிறார். முன்னால் ஊன்றுகிற இரண்டு கால், பக்கத்தில் மணி போடுகிற பெட்டி, தூக்கினால் கை கழன்றுவிடும் பாரம். அதைப் படுக்கை விரிப்பால் சுற்றி, மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் சனத்தோடு சனமாக இருந்து கொண்டுவந்திருக்கிறார். கேட்டதற்குக் கர்ட்டன் கம்பி என்றார். கர்ட்டன் கம்பிக்கு எங்கே கால் இருக்கிறது? விரிப்பை இழுத்துப் பார்த்தேன். பொய்த் துவக்கு என்று அறிவு சொல்லுவதற்கு முன்னமே விரிப்பைக் கைவிட்டுப் பின்னுக்குப் போய்விட்டேன்.

"உங்களுக்கு என்ன விசரோ? மேல தம்பி இருக்கிறான்!"

"இஞ்சரும், இது பிளாஸ்டிக்கப்பா."

"பக்கத்து வீட்டு மனிசி கண்டு பொலிசுக்குப் போன் அடிச்சா? தமிழாக்கள் வீட்டில மெசின் கன் எண்டு வந்து நிப்பாங்கள். அவன்ர கேஸ் என்னாகும்?"

இவர் குரலைத் தாழ்த்தி எனக்கு விளக்கம் சொன்னார். இவர்களுடைய பக்கத்தில் இப்படி ஒரு துவக்கு இல்லையாம். இதை வைத்திருப்பவர் ஓரிடத்தில் படுத்துக்கொண்டு விடாமல் சுட வேண்டும். எதிர்ப்பக்கம் தலையைக் குனிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தன் பக்கத்து ஆட்கள் முன்னுக்கு ஓடுவார்கள். "நான் ஒருத்தருக்கும் படச் சுடத் தேவையில்லை, தெரியுமே? மற்றவையைக் காப்பாத்தினாச் சரி." அதைச் சொல்லும்போது முகம் அவ்வளவு அப்பாவியாக இருந்தது. எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் துவக்கு தம்பியின் கண்ணில் படக்கூடாது என்று சத்தியம் வாங்கி, பரணில் ஏற்றுவித்தேன்.

துவக்கைப் பரணில் ஏற்றிய மனுஷன் மணிகளை எங்கே வைத்தார் தெரியுமா? பரணில் ஈரம் பிடிக்கும் என்று என் குசினி அலுமாரியில், மாப் பேணிக்குப் பின்னால். பெயரோ படமோ இல்லாத பொலித்தீன் பை. வெள்ளை வெளேரென்ற உருண்டை மணிகள்.

ஒரு வெள்ளிக்கிழமை. தம்பிக்குப் பாயாசம் விருப்பம் என்று, சவுத்தாலில் வாங்கிய சவ்வரிசி இருந்த ஞாபகத்தில் அந்தப் பையைப் பிரித்து ஊறப் போட்டுவிட்டேன். ஊறுகிற பாட்டைக் காணோம். பழைய சவ்வரிசியாக்கும் என்று அடுப்பில் ஏற்றினேன். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, சட்டிக்குள் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரிச் சத்தம். கடைக்காரனுடைய பரம்பரையையே நான் திட்டுகிற சத்தம் கேட்டுத் தம்பி இறங்கி வந்தான். அகப்பையில் ஒன்றை எடுத்து ஊதி, பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தான்.

"அக்கா, இது சவ்வரிசியில்லை. பிளாஸ்டிக்."

இவர் வாசலில் வந்து நின்று முழித்த முழியிலேயே விஷயம் வெளிவந்துவிட்டது. பரணில் இருந்து துவக்கும் இறங்கியது. நான் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அதைச் சுற்றிவரப் பார்த்தான். பின்பக்கத்தில் தொங்கிய வயரைப் பிடித்தான்.

"இது என்ன அத்தான்?"

"பற்றரி. இரவிரவாச் சார்ஜ் போடவேணும்."

தம்பி விசையை அழுத்தினான். டிர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. "அக்கான்ர மிக்ஸி!" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான் பாருங்கள், குசினி நிலத்தில் குந்திவிட்டான். லண்டன் வந்த நாளில் இருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இவரும் சிரித்தார். பாயாசம் போனால் போகட்டும் என்று நானும் சிரித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை நானும் வரட்டே அத்தான்?"

எனக்குத் துளியும் சம்மதமில்லை. ஆனால் அவனாக ஓரிடத்துக்குப் போகக் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னவென்று மறிப்பது? "அப்ப நானும் வாறன்" என்றேன்.

குளிர் தொடங்கிவிட்ட காலம். காட்டோரத்தில் காரை நிறுத்தியதும், பச்சைப் புள்ளி உடுப்போடு ஆமிக்காரர் கூட்டம் ஒன்று நின்றது. தம்பி காரை விட்டு இறங்கவில்லை.

"போவம் வீட்டை" என்றேன் நான்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லை அக்கா. எல்லாருக்கும் வயிறு முன்னுக்கு நிக்குது. இவங்கள் ஆமியில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

நடுவராக இருந்தவர் வயசாளி, நல்ல மனுஷன். எல்லாரையும் கூட்டி வைத்துச் சட்டம் சொன்னார். மணி பட்டால், பட்டவர்தான் சொல்ல வேண்டும். வேறு ஒருவரும் சொல்வதில்லை. ஒரு கையை உயர்த்தி "ஹிட்" என்று கத்திவிட்டு, தேநீர் வைத்திருக்கிற இடத்துக்கு நடந்து வர வேண்டும். கை உயர்த்தியவரைச் சுடவே கூடாது. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, உயிர் வந்து மறுபடியும் போகலாம். எனக்கும் ஒரு கண்ணாடியும் மஞ்சள் அங்கியும் தந்து, தனக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்.

காலையெல்லாம் நன்றாகத்தான் போனது. இவர் விழுந்து கிடந்த மரமொன்றுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு டிர்ர்ர் என்று பொழிந்து தள்ளினார். தம்பி பக்கத்தில் படுத்திருந்து பெட்டிக்கு மணி போட்டுக்கொடுத்தான். "அத்தான், இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று அவன் கத்துவது எனக்குக் கேட்டது. வீட்டில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்த பிள்ளைக்கு இவ்வளவு குரல் இருக்கிறதா என்று நினைத்தேன். தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் நான் சந்தோஷமாக நின்றேன்.

பின்னேரம் எதிர்ப்பக்கத்துப் பொடியன் ஒருவன் சுற்றிப் பின்னால் வந்துவிட்டான். தம்பி மணிப் பை எடுக்கக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தான். பக்கத்தில் நின்று சுட்டால் நோகும் என்பதால், அப்படிக் கிட்ட வந்தவர்கள் சுடாமல் சரணடையச் சொல்வதுதான் அங்கே மரியாதை. அந்தப் பொடியனும் மரியாதையாகத்தான் செய்தான். பற்றைக்குள் இருந்து எழுந்து, துவக்கை நீட்டி, "ஹான்ட்ஸ் அப்!" என்றான்.

தம்பி இரண்டு கையையும் உயர்த்தினான். பிறகு முழங்காலில் இருந்தான். கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்தான். ஒருவரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பொடியன் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு துவக்கைக் கீழே போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். தம்பி அசையவில்லை. சுற்றிவர மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓடப் பார்த்தேன். நடுவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் விசிலைத் தேடினார்.

அதற்குள் இவர் கண்டுவிட்டார். இவர்மேல் ஒரு மணியும் படவில்லை. அந்த மெசின் கன்னைச் சேற்றில் அப்படியே போட்டார். எழும்பி நின்று, கையை உயரத் தூக்கி, "ஹிட்!" என்று காடு அதிரக் கத்தினார். கத்திக்கொண்டே மறைவில்லாத வெட்டைக்குள் நடந்தார். சுட்டவர்கள் நிறுத்தினார்கள். இவர் தம்பிக்குப் பக்கத்தில் சேற்றில் முழங்காலில் இருந்தார். காடு அமைதியாகிவிட்டபடியால் இவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"எழும்பு ராசா. நானும் செத்திட்டன், நீயும் செத்திட்டாய். செத்த ஆக்களை இஞ்ச ஒருத்தரும் சுடமாட்டினம். வா, தேத்தண்ணி குடிப்பம்."

பிடரியில் இருந்த ஒரு கையை மெதுவாகக் கழற்றி, தன் கையோடு சேர்த்து உயர்த்தினார். இரண்டு பேரும் கையைத் தூக்கியபடி நடந்து வந்தார்கள். பச்சை உடுப்புக்காரர் எல்லாரும் குழலை நிலத்தைப் பார்க்கத் தாழ்த்திக்கொண்டு வழி விட்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

அந்தப் பொடியன் தேநீருக்குள் சீனியை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். தம்பி அவனுடைய தோளில் தட்டிவிட்டான். துவக்கை வேறு யாரோ துடைத்துக் காருக்குள் வைத்தார்கள்.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. தம்பி முன் சீட்டில் இருந்தான். நான் பின்னால். மோட்டர்வேயில் ஏறிக் கனதூரம் வந்த பிறகு தம்பி கூப்பிட்டான்.

"அத்தான்."

"ஓம், சொல்லு."

"அண்டைக்கு நாங்களும் கையைத் தூக்கினனாங்கள். நானும் என்ர கூட்டாளியும். வயல் வரம்பில. சொன்ன உடன தூக்கினனாங்கள். அவன் எனக்கு முதலே தூக்கினவன்."

நான் வாயைத் திறந்தேன். கண்ணாடியில் இவருடைய கண் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலை அசைந்தது. தம்பி நிறுத்தவில்லை. கூட்டாளி போட்டிருந்த சேர்ட் என்ன நிறம் என்று சொன்னான். தன்னைக் கொண்டு என்ன தூக்குவித்தார்கள் என்று சொன்னான். முகாமில் எந்தப் பக்கம் கதவு இருந்தது என்று சொன்னான். சொலிசிட்டர் இத்தனை மாதமாகக் கேட்டதெல்லாம் அவன் வாயால், அவனுடைய குரலிலேயே வந்துகொண்டிருந்தது. நான் சால்வையை வாயில் அமத்திக்கொண்டு கேட்டேன்.

ரெய்னர்ஸ் லேனுக்குத் திரும்புகிற இடம் வந்தது. இவர் திரும்பவில்லை. அந்தப் பாதை லண்டனைச் சுற்றிப் போகிறது. விடாமல் போனால் எல்லாம் சுற்றி மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வரும். இவர் பெற்றோல் முள்ளை ஒருதரம் பார்த்துவிட்டு, ஓரத்து லேனில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தார். தம்பி சொல்லிக்கொண்டே வந்தான்.