இடது காலின் வாட்ஸ்

என் மனைவியின் அண்ணன் கணக்கு வாத்தியார். சுங்கைப் பட்டாணியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை. நான் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்ப்பவன். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் ஊரில் வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் நானும் மச்சானும் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால், எங்கள் தாமான் குடியிருப்பில் துணி காயப்போடும் பெண்கள் வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

போன வருஷம் மச்சான் தன் சைக்கிளுக்குப் புதுப் பெடல் மாட்டினார். இரண்டு கால்களும் எவ்வளவு வலுவாக மிதிக்கின்றன என்று தனித்தனியாக அளந்து சொல்லும் பெடல். அவருடைய பழைய பவர் மீட்டர் என்னிடம் வந்தது. இடது பெடலைத் தாங்குகிற இரும்புக் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சாமான் அது. மிதிக்கிற வலு எத்தனை வாட்ஸ் என்று ஹேண்டில்பாரில் உள்ள குட்டித் திரையில் காட்டும்.

மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மச்சான் பாடம் எடுத்தார். "தூரமா போறவன் வேகத்தைப் பாக்கக் கூடாது மாப்ள. காத்து அடிச்சா வேகம் குறையும், இறக்கத்துல தானா ஏறும். வாட்ஸ் அப்படி இல்ல லா. நாள் பூரா தாங்குற வாட்ஸ் எதுன்னு கண்டுபிடிச்சு அதுலயே போனா, ஜித்ரா போயிட்டு முழுசா திரும்பி வரலாம்." அதற்கு மேலும் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து ரொட்டி சானாய் வந்துவிட்டது.

தாங்குகிற வாட்ஸைக் கண்டுபிடிக்க ஒரு பரீட்சை உண்டு. இருபது நிமிஷம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஆள் நடமாட்டம் கிடையாது என்று அங்கே போனேன். ஆள் இல்லைதான்; நாய்கள் இருந்தன. ஒரு கூட்டம் களைத்து நின்றால் அடுத்த லைன் வீட்டுக் கூட்டம் துரத்தலை ஏற்றுக்கொண்டது. பரீட்சை முடிந்து திரையைப் பார்த்தேன். இருநூற்று முப்பது வாட்ஸ்! மச்சானைவிட அதிகம். போனில் சொன்னபோது அவர் எண்ணை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து என்னைப் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலைக் கேண்டீனில் எல்லாரிடமும் சொன்னேன். மனைவியிடம் தினமும் சொன்னேன்.

"இந்த வாட்ஸை வச்சு ரைஸ் குக்கர் ஓடுமா?" என்று கேட்டாள்.

"குக்கர் ஓடாது. ஃபேன் ஓடும்."

"அப்ப இந்தப் பக்கமா திரும்பி மிதிங்க. வேர்க்குது."

மூன்று மாதம் பயிற்சி செய்தேன். திரையைப் பார்த்துப் பார்த்து மிதிப்பேன். வலது காலை அழுத்தினால் எண் அசையாது. இடது காலை அழுத்தினால் குபுக்கென்று ஏறும். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. உடம்புக்கு மூளையைவிடக் குறுக்குப் புத்தி அதிகம். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி என் கால்சட்டையை உற்றுப் பார்த்தாள். "என்னங்க இது? ஒரு தொடை ஆட்டுத் தொடை, இன்னொண்ணு கோழித் தொடை மாதிரி இருக்கு?" துவைத்ததில் துணி சுருங்கியிருக்கும் என்றேன்.

ஜித்ராவுக்குப் புறப்பட்ட நாள் நல்ல வெயில். குரூண் தாண்டும் வரை ஜெராய் மலை இடப்பக்கம் கூடவே வந்தது. அதற்கப்புறம் வயல்வெளி, எதிர்க்காற்று. நான் திட்டப்படி நூற்று எழுபது வாட்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மச்சான் பக்கத்திலேயே வந்துகொண்டு என் திரையை எட்டிப் பார்த்தார்.

"நீ நூத்தி எழுபதா? நான் நூத்தி நாப்பதுதான்."

"உங்களுக்கு வயசாச்சு மச்சான்."

"அதில்ல லா. ஒரே ரோடு, ஒரே காத்து, ஒரே வேகம். நான் உன்னைவிட ஒரு அரிசி மூட்டை கனம் வேற. கணக்கு உதைக்குதே."

அலோர் ஸ்டார் முழுக்க அந்தக் கணக்கை முணுமுணுத்தபடியே வந்தார். ஜித்ரா எல்லையில், கரும்புச்சாறு விற்கிற ஒரு மலாய்க்கார அம்மாவின் கடைக்கு நேர் எதிரே, என் இடது தொடை சுருட்டிப் பிடித்துக்கொண்டது. பெடலில் மாட்டியிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்ற முடியவில்லை. சைக்கிளோடு மெதுவாக, மரம் சாய்வது மாதிரிச் சாய்ந்தேன். அந்த அம்மா ஓடி வந்து தைலம் தேய்த்தார். நான் போட்ட கூச்சலில் கரும்பு பிழிகிற இயந்திரத்தின் சத்தமே கேட்கவில்லை.

கொஞ்சம் தேறியதும் மச்சான், "எங்க, வலது காலால மட்டும் மிதி, பாப்போம்" என்றார். இடது காலை வெளியே நீட்டிக்கொண்டு கடை முன்னால் ஒரு வட்டம் போட்டேன். சைக்கிள் நன்றாகவே ஓடியது. திரையில் பூஜ்யம்.

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! இது இடது காலை மட்டும்தான் அளக்கும். வலது காலும் அவ்வளவுதான் மிதிக்கும்னு நம்பி ரெண்டால பெருக்கிக் காட்டும். உன் வலது கால் மூணு மாசமா சும்மா உக்காந்து சுத்தியிருக்கு மாப்ள."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நீ ரொட்டி சானாய் தின்னுக்கிட்டு இருந்த."

மனைவிக்குப் போன் போட்டோம். அலோர் ஸ்டாருக்குக் கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அதுவரை போய்ச் சேர வேண்டும். இடது கால் சைக்கிள் ஸ்டாண்டு போல நீட்டிக்கொண்டிருக்க, வலது கால் வாழ்க்கையில் முதன்முறையாக வேலை பார்த்தது. மச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். மோட்டார் சைக்கிளில் போன ஒரு பையன், "அபாங், காக்கி திங்கால் சத்து கா?" என்று கத்திவிட்டுப் போனான். கால் ஒன்றுதான் மிச்சமா என்று அவனுக்கு உண்மையிலேயே சந்தேகம் போலிருக்கிறது. வழியெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, திரையோ பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. அதன் கணக்கில் நான் செத்துப்போய் ரொம்ப நேரம்.

மனைவி வந்தபோது நாங்கள் நாசி கண்டார் சோற்றுக் கடையில் இருந்தோம். என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்து, "யாரண்ணே ஜெயிச்சது?" என்றாள். வீடு வரும்வரை சிரித்தாள். அன்று சாயங்காலம் போனில் சைக்கிள் செயலி செய்தி அனுப்பியது: திரும்பும் வழியில் நல்ல ஓய்வு எடுத்திருக்கிறீர்கள், அருமை.

அதற்கப்புறம் பல வெள்ளிக்கிழமைகள் மச்சான் முன்னால் வலது காலால் மட்டும் மிதித்துப் பழகினேன். அவருடைய பெடலைக் கடன் வாங்கி மறுபடி பரீட்சை எழுதினேன். நூற்று எண்பத்து ஐந்துதான் வந்தது. கேண்டீனில் யாரிடமும் சொல்லவில்லை. நாலைந்து மாதம் கழித்து அந்தச் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு, லோரிகள் ஹாரன் அடித்துத் திட்டுகிற நிதானத்தில், ஜித்ரா போய்த் திரும்பினோம். மச்சான் அவர் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். நான் எங்கள் வாசலுக்கு வந்தபோது சைக்கிளிலிருந்து காலைத் தூக்கி இறங்கத் தெம்பில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மனைவி வந்து கேட்டைத் திறந்தாள். கேட் உள்பக்கமாகத் திறக்கும். அதைப் பிடித்திருந்த நானும், சைக்கிளும், மெதுவாக உருண்டு உள்ளே போனோம்.